வேகமானி முள் துள்ளி விழுகிறது: மீற்றர் போர்ட் திருத்துபவர் தேவை

வணக்கம். 90களின் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். ஓடும்போது முள் துள்ளிப் பூச்சியத்துக்கு விழுகிறது, கூடவே ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் எரிகிறது.

பின்சில்லைத் தூக்கிச் சுற்றினால் வேகமானிக்குச் சிக்னல் தரும் கியர்பொக்ஸ் சென்சரின் வோல்ட் 0க்கும் 5 வோல்ட்டுக்கும் ஒழுங்காக மாறுகிறது. ஏபிஎஸ்ஸுக்குத் தனிச் சென்சர்கள். வேகமானியும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து கெட்டதால் எர்த்தை (பற்றரி நெகற்றிவுக்குத் திரும்பும் இணைப்பை) பார்த்தோம். ஹெட்லைட் போட்டால் டாஷ் எர்த்துக்கும் பற்றரி நெகற்றிவுக்கும் இடையில் 0.6 வோல்ட், பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டியது. எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கியதும் 0.05, ஏபிஎஸ் விளக்கு அணைந்தது. ஆனால் டாஷ் சூடானால் முள் இன்னும் விழுகிறது, தட்டினால் எழும்புகிறது. மீற்றருக்குள் சோல்டர் வெடிப்பென்றே நினைக்கிறோம்.

கொழும்பில் மீற்றர் போர்ட்டின் மெல்லிய செப்புத் தடத்தைக் கருக்காமல் சோல்டர் பண்ணுபவர் யார்? பழைய உதிரிப்பாகக் கடைகளுள்ள பஞ்சிகாவத்தையில் பழைய மீற்றர் வாங்கலாம்தான், ஆனால் ஓடிய கிலோமீற்றர் கணக்கு மாறிவிடும்.