ஃபில்லர் பிளக்கை முதலில் கழற்றுங்கள்: ஆஃப்ரோடு வண்டிகளின் டிஃபரன்ஷியல் ஆயில் அனுபவங்கள்

டிஃபரன்ஷியல் (ஆக்சிலின் நடுவில், இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி) ஆயில் மாற்றும்போது அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கீழே உள்ள டிரெயின் பிளக்கைத் திறந்து பழைய ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு, அதன் பிறகு மேலே உள்ள ஃபில்லர் பிளக்கில் ஸ்பேனரை வைப்பார்கள். சேறும் தண்ணீரும் பட்ட வண்டியில் அது துருவேறி இறுகிக் கிடக்கும். கொஞ்சம் பலம் கொடுத்தால் பிளக்கின் மூலைகள் உருண்டுவிடும். ஹவுசிங்கில் (கியர்கள் இருக்கும் கூட்டில்) சொட்டு ஆயில் இல்லை, ஊற்றவும் வழியில்லை, வண்டியை நகர்த்தவும் முடியாது. அதனால் ஃபில்லர் பிளக் கழன்று கைக்கு வந்த பிறகே டிரெயின் பிளக்கைத் தொட வேண்டும்.

பிளக்குகள் பெரும்பாலும் மூன்று விதம்: 24 மி.மீ. அறுகோணத் தலை, 10 மி.மீ. ஆலன் கீ, இல்லையென்றால் அரை அங்குலச் சதுரக் குழி. மூன்றாவதற்குத் தனிக் கருவி தேவையில்லை, ராட்செட்டின் முனையே நேராக உட்காரும். குழிக்குள் அடைந்திருக்கும் மண்ணை ஊசியால் குத்தி எடுத்த பிறகே கருவியைச் செருகுங்கள். அரைகுறையாக உட்கார்ந்தால் குழி வட்டமாகிவிடும்.

பத்து பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி ஆயில் சூடாக இருக்கும்போது வடித்தால் அடியில் படிந்த கசடும் சேர்ந்து வரும். நூல் போல ஒழுகுவது நின்று சொட்டாகும் வரை, குறைந்தது கால் மணி நேரம் விடுங்கள். அலுமினிய, செம்பு வாஷர்கள் ஒரு முறை நசுங்கினால் கதை முடிந்தது, ஒவ்வொரு தடவையும் புதிது போட வேண்டும். பிளக்கின் முறுக்கு பல வண்டிகளில் 40 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் வரும். ஆனால் கூம்பு மரை உள்ள பிளக்கும் வாஷர் பிளக்கும் ஒன்றல்ல, உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு.

*

ஆயில் தேர்வில் பிராண்டு பற்றிய சண்டைதான் அதிகம், அதற்கு முன்னால் வரும் கேள்வியை யாரும் கேட்பதில்லை. உள்ளே இருப்பது ஹைப்பாய்டு கியரா? பின்சக்கர இழுவையும் நான்கு சக்கர இழுவையும் உள்ள வண்டிகளில் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். பினியனின் (புரப்பெல்லர் ஷாஃப்ட் சுழற்றும் சின்ன கியரின்) அச்சு, அது சுழற்றும் பெரிய கியரான கிரவுன் வீலின் மையத்தைச் சந்திக்காமல் தள்ளி நிற்கும். அதனால் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று உருளுவதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் பிதுங்கிப் போய்விடும். உலோகம் உலோகத்தைத் தொடும் அந்தக் கணத்தில் காப்பாற்றுவது கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த இ.பி. (அதீத அழுத்தம் தாங்கும்) சேர்மானங்கள். கியர் ஆயிலின் தரக் குறியீடுகளில் ஜிஎல்-5 ஆயிலில் அவை ஜிஎல்-4-ஐ விட அதிகம். ஹைப்பாய்டு டிஃபரன்ஷியலில் ஜிஎல்-4 ஊற்றினால் பற்களின் முகத்தில் கீறல் விழ ஆரம்பிக்கும்.

மிச்சமான ஜிஎல்-5-ஐ மேனுவல் கியர்பாக்ஸில் ஊற்றுவது இதன் மறுபக்கம். அதில் கியர் மாறும்போது வேகத்தைச் சமமாக்கும் சிங்க்ரோ வளையங்கள் பெரும்பாலும் பித்தளை. ஒன்று, சில சேர்மானங்கள் பித்தளையை அரிக்கும். இன்னொன்று, வழவழப்பு கூடி வளையம் பிடிக்காமல் கியர் விழும்போது கரகரக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டிக்கு) மூன்றாவது வகையாக ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கேட்கும் வண்டிகளும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுபவர்கள் ஒவ்வொரு டப்பாவிலும் எது எங்கே என்று மார்க்கரால் எழுதி வையுங்கள். சாயங்காலம் கை அசந்த நேரத்தில்தான் டப்பா மாறும்.

அடுத்தது ஆயிலின் கெட்டித்தன்மை. டப்பாவில் இருக்கும் 90 என்ற எண்ணைப் பார்த்து என்ஜின் ஆயிலை விட இரு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம், இரண்டுக்கும் அளவுகோல் வேறு. கியர் ஆயிலுக்கான எஸ்ஏஈ ஜே306 தரக் கணக்கில் 90 என்பது 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு) வரை. அது என்ஜின் ஆயிலின் 40, 50 பக்கம்தான். 140 என்றால் 24 முதல் 32.5. டபிள்யூ முன்னால் வரும் எண் குளிருக்கானது. 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரி வரைக்கும், 80டபிள்யூ மைனஸ் 26 வரைக்கும், 85டபிள்யூ மைனஸ் 12 வரைக்கும் தாங்கும். உறைபனி இல்லாத இடத்தில் 75டபிள்யூ-வுக்கும் 80டபிள்யூ-வுக்கும் நடுவே குளிரை வைத்துக் குழம்ப வேண்டியதில்லை.

*

140 கிரேடு ஆயில் பற்றி ஒரு வார்த்தை சேர்த்துக்கிறேன். ஆஃப்ரோடுன்னாலே கெட்டி ஆயில்தான்னு ஒரு நம்பிக்கை இருக்கு. பாரத்தோட, மெதுவா, வெயில்ல, லோ ரேஞ்சு கியர்ல மணிக்கணக்கா ஏறுற வண்டிக்கு 85டபிள்யூ-140 சரி. அதே வண்டி நெடுஞ்சாலையில 100-ல போறப்ப கிரவுன் வீல் அந்தக் கெட்டி ஆயிலைக் கடைஞ்சுக்கிட்டே இருக்கும். கடையுற வேலை மொத்தமும் சூடாத்தான் மாறும். டீசலும் கூடும். கையேட்டுல 75டபிள்யூ-85 போட்டிருக்குற புது வண்டிகள்ல 140 ஊத்தினா பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரவே நேரமாகும். வாரம் முழுக்க சாலை, மாசத்துக்கு ஒரு நாள் காடுன்னா 75டபிள்யூ-90 சிந்தடிக் போதும்.

எல்.எஸ்.டி. (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் மட்டும் வீணா சுத்துறதைக் கட்டுப்படுத்துற வகை) இருக்கிறவங்க கவனிங்க. கிளட்ச் தகடு வெச்ச லிமிடெட் ஸ்லிப்புக்கு எல்.எஸ். குறிச்ச ஆயில் வேணும், இல்லேன்னா ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (தகடுகளோட உராய்வைச் சீராக்குற சேர்மானம்) தனியா சேர்க்கணும். சாதாரண ஜிஎல்-5 மட்டும் ஊத்தினா இறுக்கமா திருப்புறப்ப பின்னாடி தடதடன்னு நடுங்கும். தகடுங்க பிடிச்சு விட்டு பிடிச்சு விட்டு வர்ற சத்தம் அது. மாடிஃபையர் பொதுவா 120 மி.லி. பக்கம் சின்ன பாட்டில்ல வரும். சேர்த்துட்டு காலி இடத்துல மெதுவா எட்டு வடிவத்துல ஒரு பத்து சுத்து ஓட்டுங்க, அப்பதான் தகடுகளுக்கு நடுவுல இறங்கும். அதுக்கப்புறமும் நடுங்கினா கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. மொத்தமா கொட்டினா சத்தம் போயிடும், கூடவே எல்.எஸ்.டி.யும் போயிடும். தகடு வழுக்க ஆரம்பிச்சா அது வெறும் சாதாரண (ஓப்பன்) டிஃபரன்ஷியல்.

டார்சன் மாதிரி தகடு இல்லாம கியர்லயே வேலை செய்யுற எல்.எஸ்.டி.க்கு மாடிஃபையர் பெரும்பாலும் தேவையில்லை. லாக்கர் (ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுற அமைப்பு) போட்டவங்க அதைச் செஞ்ச கம்பெனி எந்த ஆயில் சொல்லுதோ அதையே ஊத்துங்க. உராய்வை நம்பிப் பூட்டுற வகையில மாடிஃபையர் சேர்த்தா பூட்டுறதே தாமதமாகும்.

*

டிஃபரன்ஷியல் கெடுவதற்கு ஆயில் ரகத்தை விடத் தண்ணீர்தான் பெரிய காரணம். அது எப்படி உள்ளே போகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆழம் அதிகம், அழுத்தித் தள்ளிவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் டிஃபரன்ஷியலே உறிஞ்சிக்கொள்கிறது.

நன்றாக ஓடி வந்த ஆக்சிலின் உள்ளே 80 டிகிரி சூடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 25 டிகிரித் தண்ணீரில் இறக்கி நிறுத்தினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கப் பார்க்கும். பிரீதர் (ஆக்சிலுக்குள் காற்று வந்து போகும் துளை) தண்ணீருக்கு மேலே இருந்தால் வெளிக்காற்று உள்ளே வந்து சமமாகும். மூழ்கியிருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் வரும். சேற்றில் அடைபட்டிருந்தால் இன்னும் மோசம்: உள்ளே உருவாகும் வெற்றிடம் ஒன்றரை மீட்டர் நீர்மட்ட அழுத்தத்துக்குச் சமம். ஆயில் சீல்கள் உள்ளிருந்து ஆயில் வெளியேறாமல் தடுக்க வடிவமைத்தவை. வெளியிலிருந்து வரும் தண்ணீரை அந்த உதடு அவ்வளவாகத் தடுக்காது. முழங்கால் அளவுத் தண்ணீரில் மாட்டி அரை மணி நேரம் நின்ற வண்டியில் ஆயில் பால் போலாவதும், வேகமாகக் கடந்து போன வண்டியில் ஒன்றும் ஆகாமல் இருப்பதும் இதனால்தான். பிரீதரை உயர்த்தாத வண்டி என்றால் கரையில் நிறுத்தி ஆக்சில் சூடு தணிந்த பிறகு இறங்குங்கள்.

பிரீதரை உயர்த்துவது அரை நாள் வேலை. ஆக்சிலில் இருக்கும் மூடியைக் கழற்றி அதே மரைக்குப் பொருந்தும் நிப்பிள் போட்டு, 8 மி.மீ. உள்விட்டமுள்ள, ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸை என்ஜின் அறையின் பின்சுவர் வரை ஏற்றுங்கள். முனையில் சின்ன ஃபில்டர். தவறு நடப்பது ஹோஸ் போகும் பாதையில். ஆக்சில் முழுவதும் கீழே தொங்கும் நிலையில் அளந்து நீளம் விட வேண்டும், இல்லையென்றால் முதல் பள்ளத்திலேயே பிடுங்கிக்கொள்ளும். நடுவில் தொட்டில் போல வளைவு இருந்தால் அங்கே ஆயில் தேங்கி ஹோஸை அடைத்துவிடும். சைலன்சர் பக்கம் போகவே கூடாது.

பிரீதர் அடைத்திருந்தால் காய்ந்த சாலையிலும் தொல்லை உண்டு. சூட்டில் அழுத்தம் ஏறி பினியன் சீல் வழியாகவோ ஆக்சில் சீல் வழியாகப் பிரேக் டிரம்முக்குள்ளோ ஆயில் கசியும். புது சீல் போட்ட மறுமாதமே திரும்பவும் ஒழுகுகிறது என்றால் சீலைத் திட்டுவதற்கு முன் பிரீதரைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள்.

*

தண்ணீர் புகுந்ததா என்று பார்க்க முழுதாக வடிக்க வேண்டியதில்லை. ஆயில் ஒரே நிறமாகப் பால் கலந்தது போல இருந்தால் கேள்வியே இல்லை. சந்தேகம் என்றால் வண்டியை ஓர் இரவு அசையாமல் விட்டு, காலையில் டிரெயின் பிளக்கை இரண்டு மரை மட்டும் தளர்த்துங்கள். கலக்காமல் இருக்கும் தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும், முதல் சொட்டுகளே அதைக் காட்டிவிடும். இன்னொரு வழி: சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் உண்டு. சூடான ஆயில் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

தண்ணீர் புகுந்த டிஃபரன்ஷியலுக்கு ஒரு தடவை மாற்றினால் போதாது. ஆக்சில் குழாய்களுக்குள் தங்கியது மெதுவாக இறங்கி வரும். முதலில் சாதாரண ஜிஎல்-5 மினரல் ஆயில் ஊற்றி 100, 200 கிலோமீட்டர் ஓட்டி வடித்துவிட்டு, பிறகு நல்ல ஆயில் ஊற்றுங்கள். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவி அப்படியே ஓட்டுவதை மட்டும் செய்ய வேண்டாம். மூலையில் தங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்யும், தாங்கு பேரிங்கில் படலமே நிற்காது.

டிரெயின் பிளக் காந்தத்தில் ஒட்டியிருப்பதைத் துடைத்து எறிவதற்கு முன் இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று கரும்சாம்பல் பசை என்றால் அது வழக்கமான தேய்மானம். நெருடினால் கவலைப்பட வேண்டும். ஊசி போன்ற சிம்பு, தகடு போன்ற செதில், பல்லின் முனை, இவற்றில் எது வந்தாலும் ஆயில் மாற்றம் தீர்வல்ல, கவரைத் திறந்தே ஆக வேண்டும். செம்பு நிறத் துகள் சில வண்டிகளில் சைடு கியருக்குப் பின்னால் இருக்கும் த்ரஸ்ட் வாஷரிலிருந்து வரும்.

*

டிரெயின் பிளக்கே இல்லாத, பின்னால் தகட்டு மூடி போல்ட் போட்ட ஆக்சில் வைத்திருப்பவர்களுக்கு: கீழ் போல்ட்களை எல்லாம் கழற்றி, மேலே இரண்டை மட்டும் பாதி தளர்த்தி விட்டுவிட்டு அடியில் நெம்புங்கள். மூடி விழாது, ஆயில் மட்டும் தட்டில் கொட்டும். அந்த ஆயில் துணியில் பட்டால் கந்தக நாற்றம் நாலு துவையலுக்கும் போகாது.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது பிசிறு உள்ளே விழாமல் துணியை அடைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முகத்தையும் பிரேக் கிளீனரால் துடைத்துக் காய விடுங்கள். ஆர்டிவி சிலிக்கான் (கேஸ்கெட்டுக்குப் பதிலாகப் பூசும் பசை) 3 மி.மீ. தடிமனில், போல்ட் துளைகளின் உட்பக்கமாக, அறுபடாமல் ஒரே வரியாகப் போதும். அதிகம் வைத்தால் பிதுங்கி உள்ளே விழும். போல்ட்களை எதிர் எதிராக இறுக்கி, சிலிக்கான் டியூபில் சொல்லியுள்ள நேரம் கழித்தே ஆயில் ஊற்றுங்கள்.

*

எவ்வளவு ஆயில் பிடிக்கும் என்று இதுவரை சொல்லவில்லையே. நடுத்தர 4x4 வண்டிகளில் முன் டிஃபரன்ஷியல் ஒன்று முதல் இரண்டு லிட்டர், பின்னால் ஒன்றரை முதல் மூன்று லிட்டர் பிடிக்கும். ஆனால் லிட்டர் கணக்கை நம்பி மூட வேண்டாம். ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பு வரை வந்து வழிய வேண்டும், அதுதான் மட்டம். வண்டி சமதளத்தில் நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும். பின்புறத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி நிரப்பினால் மட்டம் பொய். வழிந்தது நின்ற பிறகு ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி கொஞ்சம் பம்ப் செய்யுங்கள். ஆயில் ஆக்சில் குழாய்களுக்குள் பரவியிருக்கும்.

அதிகம் நிரப்பினால் நல்லதுதானே என்றால், இல்லை. நுரை கட்டும், சூடு ஏறும், பிரீதர் வழியே துப்பும்.

*

லிஃப்ட் கிட் போட்டு உயர்த்திய வண்டிகளுக்கு மேலே சொன்ன மட்டம் அப்படியே பொருந்தாது. புரப்பெல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டு வரும் நீளத் தண்டு) கோணத்துக்காகப் பினியனை மேல் நோக்கித் திருப்பியிருந்தால் துளையும் சேர்ந்து திரும்பியிருக்கும், பினியனின் முன் பேரிங் ஆயில் மட்டத்துக்கு மேலே போயிருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் பின் ஆக்சிலின் பினியன் இன்னும் உயரும், ஆயில் பின்னால் ஓடிவிடும். முதலில் சாவது அந்த முன் பேரிங்தான். அறிகுறி, 60-க்கு மேல் ஊளைச் சத்தம். அதை 140 ஊற்றி அமுக்கலாம், சத்தம்தான் அமுங்கும், பேரிங் தேய்ந்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட வண்டிகளில் கவரில் உயரமான துளை போட்டுப் பினியன் பேரிங் நனையும் அளவுக்கு மட்டத்தை ஏற்றுவார்கள். ஆக்சில் சீல்கள் நல்ல நிலையில் இருந்தால்தான் அது சாத்தியம்.

முன்பக்கம் ஸ்டியரிங் நக்கிள் (சக்கரம் திரும்பும் இணைப்பு) உருண்டைக்குள் சி.வி. ஜாயின்ட் (திரும்பிய சக்கரத்துக்கும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) இருக்கும் வண்டிகளில் இன்னொன்றைப் பாருங்கள். உள் ஆக்சில் சீல் தேய்ந்தால் டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் போய் கிரீஸோடு கலந்து கஞ்சியாகும், உருண்டையைத் துடைக்கும் ஃபெல்ட் வழியாக ஒழுகும். வெளியே தரையில் பெரிதாகச் சொட்டு இருக்காது, ஆனால் முன் டிஃபரன்ஷியல் மட்டம் ஒவ்வொரு தடவையும் குறைந்திருக்கும். வெளி ஃபெல்ட்டை மாற்றிப் பயனில்லை, உள் சீல்தான் மாற வேண்டும்.

*

புது கிரவுன்-பினியன் போட்டவர்கள் முதல் 25 கிலோமீட்டர் நிதானமாக, பாரமில்லாமல் ஓட்டி முழுதாக ஆறவிடுங்கள். 800 கிலோமீட்டரில் முதல் ஆயிலை வடித்துவிடுங்கள், பற்கள் ஒன்றோடொன்று இணங்கும்போது விழும் துகள் அத்தனையும் அதில் இருக்கும். மற்றவர்களுக்குச் சாலை ஓட்டத்தில் 40,000, சேறும் பாரமும் என்றால் 20,000 பக்கம் வைத்துக்கொள்ளலாம். ஆக்சில் மூழ்கும் தண்ணீரில் நின்றால் கிலோமீட்டர் கணக்கே கிடையாது, அந்த வாரமே பிளக்கைத் தளர்த்திப் பாருங்கள். மாற்றி 50 கிலோமீட்டர் ஓடியதும் இரண்டு பிளக்கின் அடியிலும் காய்ந்த விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் மேலும் இறுக்காதீர்கள், அலுமினிய ஹவுசிங்கில் மரை போய்விடும். வாஷரை மாற்றுங்கள்.