எலும்பு ஸ்குரூவில் அருமண் தனிமங்கள் தேவைதானா?

மாறன்:
உடைந்த எலும்பைச் சேர்க்கப் போடும் டைட்டானியம் ஸ்குரூவைச் சிலருக்கு மறுபடி அறுவை செய்து எடுக்க வேண்டியிருக்கிறது. மெக்னீசியம் ஸ்குரூ உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும், அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெறும் மெக்னீசியம் அவசரப்பட்டுக் கரையும். எலும்பு கூடுவதற்குள் பிடி விட்டுப்போகலாம், ஹைட்ரஜன் வாயு வெளிவந்து பக்கத்துத் திசுவில் குமிழும் கட்டும். அந்த வேகத்தைக் குறைக்கவும் வலுவைக் கூட்டவும்தான் இட்ரியம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களை, அதாவது 'ரேர் எர்த்' எனப்படும் உலோகங்களைச் சேர்க்கிறார்கள். டபிள்யூ.இ.43 என்ற மெக்னீசியம் கலவையில் இட்ரியம் சுமார் 4 சதவீதம், மற்ற அருமண் தனிமங்கள் சுமார் 3 சதவீதம். இந்த வகை ஸ்குரூவுக்கு 2013-லேயே ஐரோப்பாவில் அனுமதி கிடைத்துவிட்டது. இன்னும் ஏன் தயங்க வேண்டும்?

கயல்:
கடோலினியத்தில் பட்ட பாடு போதாதா? அதுவும் அருமண் தனிமம்தான். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது படம் தெளிவாக விழ ஊசியில் ஏற்றுவார்கள், 1988 முதல் புழக்கத்தில் இருக்கிறது. சிறுநீரில் போய்விடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2006-ல்தான், சிறுநீரகம் பழுதான சிலருக்குத் தோல் தடித்து இறுகி, கை கால் மடக்க முடியாமல் போனதற்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. பிறகு சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களின் மூளையிலும் எலும்பிலும்கூட மிச்சம் தங்குவதைக் கண்டார்கள். 2017-ல் ஐரோப்பா அந்த மருந்துகளில் சிலவற்றை நிறுத்திவைத்தது. அனுமதி கிடைத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து என்னால் நிம்மதியாக இருக்க முடியாது.

மாறன்:
அளவைப் பாருங்கள் கயல். 60 கிலோ எடையுள்ளவருக்கு வழக்கமான ஒரு ஊசியில் போகும் கடோலினியம் கிட்டத்தட்ட 0.9 கிராம், அதுவும் நேராக ரத்தத்தில். ஸ்குரூ முழுதாக 1 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் அதிலுள்ள அருமண் தனிமம் 70 மில்லிகிராம்தான். அது மாதக்கணக்கில் மெதுவாக வெளிவருகிறது. வந்ததும் உடம்பிலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து, எளிதில் கரையாத உப்பாக அங்கேயே படிந்துவிடுகிறது.

கயல்:
அங்கேயே படிகிறது என்பதுதான் என் கவலையே. ஊசியில் போனதில் பெரும்பகுதி ஒரு நாளில் வெளியேறிவிடும். ஸ்குரூவில் உள்ளது எங்கே போகும்? லாந்தனம் என்ற அருமண் தனிமத்தின் அயனி ஆரம் 1.03 ஆங்ஸ்ட்ராம், கால்சியம் அயனிக்கு 1.00. அளவு இவ்வளவு நெருக்கம் என்பதால் எலும்பின் தாதுவில் கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துவிடும். எலும்போ ஒருமுறை கட்டி முடித்த சுவர் இல்லை. பழைய எலும்பைத் தின்னும் செல்கள் அமிலம் சுரந்து கரைத்துக்கொண்டே இருக்கும், அப்போது படிந்ததும் மறுபடி வெளியே வரும்.

சுடர்:
இடையில் ஒன்று. பல்லுக்கு வைக்கும் சிர்கோனியா கிரவுனிலும் இட்ரியா, அதாவது இட்ரியம் ஆக்ஸைடு, இருக்கிறதே?

கயல்:
அது பீங்கானுக்குள் பூட்டிக் கிடக்கிறது சுடர். கரைவதற்காகச் செய்த பொருளோடு அதை ஒப்பிட முடியாது.

மாறன்:
லாந்தனத்தை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். டயாலிசிஸ் நோயாளிகள் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த லாந்தனம் கார்பனேட் மாத்திரையை 2004 முதல் சாப்பிட்டு வருகிறார்கள், அதுவும் தினமும் கிராம் கணக்கில். உடம்பில் சேருவது மிகமிகக் கொஞ்சம், அது எலும்புக்குப் போகிறது என்பதும் உண்மை. ஆனால் இதே வேலைக்கு முன்பு கொடுத்த அலுமினியம் மருந்து எலும்பை மென்மையாக்கியதைப் போல இது செய்யவில்லை. எலும்பிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தே சொன்னார்கள்.

சுடர்:
இன்னொரு பக்கமும் இருக்கிறது. சீரியமும் அருமண் தனிமம்தான்; சீரியம் ஆக்ஸைடு நுண்துகள் தீங்கு செய்யும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை அடக்குகிறது. அதிலுள்ள சீரியம் 3+, 4+ என்ற இரு மின்னூட்ட நிலைகளில் மாறி மாறி வேலை செய்வதால் சீக்கிரம் தீர்ந்தும் போவதில்லை. ஆய்வகத்தில் எலும்பாக்கும் செல்கள் நன்றாக வளர்ந்திருக்கின்றன. இதை ஸ்குரூவின் மேல் பூச்சாகப் பூசினால் எலும்பு சீக்கிரம் கூடுமே?

கயல்:
ஆய்வகத் தட்டில் அளவைக் கூட்டினால் அதே செல்கள் சுணங்குவதையும் பார்த்திருக்கிறார்கள். ஃப்ளூரைடு கதையை மறக்காதீர்கள். அதுவும் எலும்பாக்கும் செல்களைத் தூண்டியது. 1990-ல் வெளிவந்த பெரிய ஆய்வில் முதுகெலும்பின் அடர்த்தி நன்றாகவே கூடியிருந்தது, ஆனால் அங்கே முறிவு சொல்லும்படி குறையவில்லை, மற்ற எலும்புகளில் முறிவு அதிகமானது. செல் பெருகியது, அடர்த்தி ஏறியது என்று காட்டினால் எனக்குப் போதாது. எலும்பு தாங்குகிறதா என்று காட்டுங்கள்.

மாறன்:
பூச்சு விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை, அதற்கு இன்னும் காலம் ஆகும். நான் பேசுவது கலவையைப் பற்றி மட்டும்.

கயல்:
கலவைக்கும் மாற்று இருக்கிறது. மெக்னீசியம், துத்தநாகம், கால்சியம் மூன்றும் உடம்பு ஏற்கனவே அறிந்தவை. அந்தக் கலவை ஸ்குரூவுக்குத் தென்கொரியா 2015-ல் அனுமதி கொடுத்தது.

மாறன்:
அதில் வலு குறையாமல் பார்த்துக்கொள்ள உலோகத்தின் தூய்மையிலும் தயாரிப்பிலும் நிறைய மெனக்கெட வேண்டும். சரி, நேராகவே கேட்கிறேன். சிறுநீரகம் நன்றாக இருக்கும் பெரியவர், கால் பெருவிரல் எலும்பைத் திருத்தி ஒரு சின்ன ஸ்குரூ போட வேண்டும். வேண்டாம் என்பீர்களா?

கயல்:
அவருக்கு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வளரும் குழந்தைக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் சொல்வேன். அப்புறம், ஸ்குரூ கரைந்து பத்து வருடம் கழித்து அந்த இடத்து எலும்பை எடுத்து இட்ரியம் எவ்வளவு மிச்சம் என்று அளந்த கணக்கு உங்களிடம் இருந்தால் இங்கேயே போடுங்கள், படிக்கிறேன்.