எண்ணெய் தேய்த்த கையும் தாழைக் கூடையும்: மொரீஷியசில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

வணக்கம். நான் இத்தீவிலேயே பிறந்தவள். வடகரையில் ஒரு ஹோட்டல் ஸ்பாவில் 11 ஆண்டுகளாக மசாஜ் செய்கிறேன். வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ், பள்ளிக்கூடமும் கோவிலும் தந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று மனதை உறுத்துகிறது. நம்மவர்கள் வலியைச் சொல்லுவதில்லை. "உங்களுக்குத் தெரியாததா அம்மா, செய்யுங்கள்" என்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். கடைத்தெருவிலும் அப்படியே. விலையைப் பாதியாகக் கேட்கிறார்கள். இதை யார் செய்தது, எங்கே செய்தது என்று கேட்பதில்லை. வாய் திறந்து கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. முதலில் என்னுடையது.

போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை, காரைக்குடிப் பக்கத்துப் பாட்டி ஒருவரை அவருடைய மகன் அழைத்து வந்தார். சூடான கல் மசாஜுக்குப் பணமும் கட்டிவிட்டார். நாங்கள் வைப்பது எரிமலைப் பாறைக் கல். மொரீஷியசின் கரும்புத் தோட்டங்களில் கறுப்புக் கற்கள் மேடு மேடாகக் குவிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடிமைகளும் பின்னால் வந்த நம் பாட்டன்மாரும் வெறுங்கையால் பொறுக்கிக் குவித்தவை. அதே சாதிக் கல்தான். அடர்த்தி மிகுந்த கல் என்பதால் சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். அதனாலேயே ஆபத்தும் உண்டு. பாட்டிக்குச் சர்க்கரை நோய் வந்து 20 ஆண்டுகள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலை விரலால் தொட்டேன். "தொட்டாயா?" என்றார். உணர்ச்சி குறைந்த காலில் சூடான கல்லை வைத்தால் தோல் வெந்து கொப்புளித்த பிறகுதான் தெரியவரும். கல் வேண்டாம் என்று மகனிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் புரிந்துகொண்டார்.

"அப்படியானால் தலைக்கு எண்ணெய் வை அம்மா, இன்றைக்கு வெள்ளிக்கிழமைதானே" என்றார் பாட்டி. மேசையில் படுக்க மாட்டேன் என்றுவிட்டார். முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். தேங்காய் எண்ணெயில் இலாங் இலாங் பூவின் தைலம் கலந்திருந்தது. முகர்ந்து பார்த்து, "மனோரஞ்சிதமா?" என்று கேட்டார். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். அந்த மூக்கு பொய் சொல்லவில்லை. "வாசனை வேண்டாம், வெறும் எண்ணெய் போதும்" என்றார். வாசனையில்லாத எண்ணெயைக் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்கி எடுத்து வந்தேன். "உச்சியில் விடு. உடனே தேய்க்காதே. உள்ளங்கையைக் குழித்துத் தட்டு." தட்டினேன். எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தராத ஒரு சத்தம் வந்தது, நீரில் தட்டுவதுபோல. கொஞ்ச நேரத்தில் பாட்டியின் தோள் இரண்டும் தாமாக இறங்கின. "எனக்கு ஒருத்தர் எண்ணெய் தேய்த்துவிட்டு நாற்பது வருடம் ஆகிறது. எல்லோருக்கும் நான்தான் தேய்த்துவிட்டேன்."

பிறகு கேட்டார்: "நீ எந்த ஊர்?"

"இந்த ஊர்தான் பாட்டி."

"அதற்கு முன்னால்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எண்ணெய் வழியும் என் கையைப் பிடித்து அவர் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன. அடுத்த மாதமே போய் விண்ணப்பித்தேன். என் கொள்ளுப்பாட்டனாரின் தகப்பனார் பெயர் கிடைத்தது. மாவட்டம் தஞ்சாவூர் என்று தெளிவாக இருக்கிறது. ஊர்ப் பெயரை அன்றைய எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தால் "வெல்லம்" என்று வருகிறது. கரும்பு வெட்ட வந்தவருடைய ஊர் வெல்லமா என்று இன்றுவரை விளங்கவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும்.

ஸ்பாவுக்கு வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெயிலில் தோல் சிவந்திருந்தால் அன்றைக்குச் சர்க்கரை ஸ்கிரப் கேட்காதீர்கள். எங்கள் பழுப்புச் சர்க்கரை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் வெந்த தோலுக்கு அது மணல். பெர்கமோட் போன்ற எலுமிச்சை இனத்துத் தைலம் பூசியிருந்தால் அன்று வெயில்பட நடக்காதீர்கள், தோல் திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். கர்ப்பம், இரத்த அழுத்தம், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அழுத்தம் கூடினால் "மெதுவாக" என்று சொல்லுங்கள். நாங்கள் வருத்தப்பட மாட்டோம்.

திருச்சி

அக்கா, பாட்டியின் கதையை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். என் அனுபவம் சந்தையில்.

முதல் நாள் கடற்கரை ஊரில் ஒரு கடையில் மரத்தில் செதுக்கிய டோடோ பறவை வாங்கினேன். அறைக்கு வந்து திருப்பிப் பார்த்தால் அடியில் வேறொரு நாட்டின் பெயர் ஒட்டியிருந்தது. விற்றவர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. டோடோ உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் இத்தீவில் மட்டும் வாழ்ந்து அழிந்த பறவை. அதன் பொம்மையாவது இங்கே செய்ததாக இருக்கக் கூடாதா?

மறுநாள் போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தைக்குப் போனோம். கீழே காய்கறி, இறங்கும்போதே கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் மணக்கின்றன. ஒரு குவளை அலூடா வாங்கினேன். பால், கடற்பாசி, சப்ஜா விதை, நம் ஊர் ஜிகர்தண்டாவுக்கு உறவு. மீதிச் சில்லறையாக வந்த 100 ரூபாய்த் தாளைப் பையில் வைக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். தாளில் தமிழ் எழுத்து. படத்தில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழ் வழிவந்த வழக்கறிஞர், அரசியல்வாதி. அலூடாக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 1998-இல் புதிய தாள்களில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி அச்சிட்டதையும், தமிழர்கள் எதிர்த்து நின்றதையும், மத்திய வங்கி அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட்டதையும் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து சொன்னார். அவருக்குத் தமிழ் பேச வரவில்லை. அந்த எழுத்து எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

கூடைப் பக்கம் போனேன். இங்கே சந்தைக்குக் கொண்டுபோகும் கூடையைத் "தாந்த்" என்கிறார்கள். நல்லது வாக்வா இலையில் முடைந்தது. நம் தாழையின் சகோதரி. ஒரு காலத்தில் சர்க்கரை மூட்டையே இந்த இலைப் பைதானாம். 2016-இல் நெகிழிப் பைகளுக்குத் தடை வந்தபின் தாந்துக்கு மறுபடி மதிப்பு என்றார்கள். ஆனால் கடையில் தொங்கும் எல்லாமே இலை இல்லை. அக்கா சொன்னதுபோல் நானும் கேட்டேன்: "இதை யார் செய்தது?" விற்கும் அம்மா உடனே ஒரு கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, கீழேயிருந்து வேறொன்றை எடுத்தார். "இது நான் செய்தது."

அவர் காட்டிய விதத்தை எழுதிவிடுகிறேன். இலையின் இரு விளிம்பிலும் நடு நரம்பிலும் முள் வரிசை உண்டு. அதைச் சீவி எறிந்து, வெயிலில் காயவைத்து, ஒரே அகல நாடாக்களாகக் கிழிக்க வேண்டும். கூடையின் வாய் ஓரத்தை உட்புறமாக மடித்துக் காட்டினார். நாடாவின் நுனி மூன்று கண் தள்ளி உள்ளே செருகப்பட்டிருந்தது. பசையும் இல்லை, ஊசியும் இல்லை. முகர்ந்தால் வைக்கோல் வாசனை. அவருடைய வலது பெருவிரல் நகத்தின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைக் கீறல்கள். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. சொன்ன விலையைக் கொடுத்தேன். அவரே ஒரு சின்னப் பணப்பையை உள்ளே போட்டுக் கொடுத்தார்.

சாந்த் ஆந்த்ரே, ரீயூனியன்

பக்கத்துத் தீவிலிருந்து ஒரு சொல். மொரீஷியஸ் சந்தையிலும் எங்கள் சந்தையிலும் வனிலா வாங்கும் தமிழ்நாட்டு உறவுகள் கண்ணாடிக் குழாயில் அடைத்த காய்ந்த குச்சியை எடுத்துப் போவதைப் பார்த்து வயிறு எரிகிறது. குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல வனிலாக் காயை விரலில் சுற்றினால் முறியாமல் சுற்ற வேண்டும். தொட்ட விரலில் எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். மேலே வெள்ளைப் பனித்துகள் போலப் படிந்திருந்தால் பூஞ்சணம் என்று பயந்துவிடாதீர்கள். ஊசி ஊசியாக மின்னினால் அது வனிலாவின் சாரமே வெளியே பூத்தது. பஞ்சுபோல் இருந்தால்தான் பூஞ்சணம்.

வனிலாவின் ஒவ்வொரு பூவையும் கையால் தொட்டு மகரந்தம் சேர்த்தால்தான் இங்கே காய் பிடிக்கும். அந்த வழியை 1841-இல் எங்கள் தீவின் சாந்த் சூசான் ஊரில் கண்டுபிடித்தவர் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவர். உலகம் முழுவதும் இன்றுவரை அவர் காட்டிய முறைதான். விலை கூடுதல் என்று தோன்றும்போது அந்தக் கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான், மலேசியா

எனக்கு நேர்ந்தது கசப்பானது. 60 நிமிட மசாஜ் என்று பணம் கட்டினோம். உடை மாற்றியது, காலைக் கழுவியது, கடைசியில் இஞ்சித் தேநீர் குடித்தது எல்லாம் அந்த 60-க்குள். கை உடம்பில் பட்டது 40 நிமிடம் இருக்கும். பில்லில் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி தனியாகச் சேர்ந்திருந்தது. முன்பே கேட்டிருக்கலாம். அடுத்த முறை, தொடும் நேரம் எவ்வளவு, வரி சேர்ந்த விலையா என்று இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். செய்துவிட்ட பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். என் கழுத்தில் ஒரு முடிச்சை அவர் தேடிப் பிடித்த விதம், பத்து நாள் தலைவலி போனது.

மாஹேபூர், மொரீஷியஸ்

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். நான் டாக்சி ஓட்டுகிறேன். சந்தை நாள் தெரியாமல் வந்து ஏமாறுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எங்கள் மாஹேபூரில் பெரிய சந்தை திங்கட்கிழமை. ஃபிளாக் என்றால் புதனும் ஞாயிறும். காத்ர் போர்னில் துணிச்சந்தை வியாழனும் ஞாயிறும். வியாழன் பிற்பகலில் ரோஸ் ஹில், கியூர்பிப் பக்கம் பல கடைகள் பூட்டியிருக்கும்.

மாதிரிக் கப்பல் வாங்குகிறவர்கள் கடையோடு நிற்காமல் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். 1744-இல் எங்கள் வடகிழக்குக் கரையில் மோதி உடைந்த சாந்த் ஜெரான் கப்பலை ஒரு பெண்மணி நூல் நூலாகக் கயிறு கட்டிச் செய்துகொண்டிருந்தார். என் வண்டியில் வந்த தம்பி அரை மணி நேரம் அசையாமல் நின்று பார்த்தார். விமானத்துக்கு ஏற்றபடி பெட்டி கட்டித் தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.

கிளிஞ்சலும் பவளமும் மட்டும் வேண்டாம். கரையில் சும்மா கிடந்ததுதானே என்று பிள்ளைகள் பையில் போட்டுவிடுகிறார்கள். விமான நிலையத்தில் அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்த ஒரு குழந்தையை நானே பார்த்தேன். எங்கள் கரையைக் காப்பதே அந்தப் பவளத் திட்டுதான்.

தஞ்சாவூர்

ரோஸ் ஹில் தங்கைக்கு. ஸ்பாவும் கூடையும் எனக்குத் தெரியாது. மொரீஷியசுக்கு வந்ததும் இல்லை. உங்கள் பதிவேட்டில் இருப்பது வெல்லம் இல்லை என்று நினைக்கிறேன். தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் சாலையில் வல்லம் என்று ஓர் ஊர் இருக்கிறது. வெள்ளைக்கார எழுத்தர் காதில் வல்லம் வெல்லமாக விழுந்திருக்கலாம். வல்லம் என்ற பெயரில் வேறு மாவட்டங்களிலும் ஊர்கள் உண்டு. ஆனால் மாவட்டம் தஞ்சாவூர் என்று இருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பதிவேட்டில் தகப்பனார் பெயரோ வேறு குறிப்போ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். என் மாமியார் வீடு அந்த ஊர்தான். விசாரிக்கிறேன்.

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அக்கா, இதை இன்று வேலைக்கு நடுவில் படித்தேன். கையெல்லாம் எண்ணெய். போனைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். வல்லம். நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டு, பதிவேட்டின் படத்தை அனுப்புகிறேன். தகப்பனார் பெயரும், வலது முழங்கையில் ஒரு தழும்பு என்ற குறிப்பும் அதில் இருக்கின்றன.

திருச்சி தம்பி, கூடையை மழையில் நனையவிட்டுவிட்டால் உடனே வெயிலில் போடாதீர்கள், நாடா வெடித்துவிடும். நிழலில், வாயை மேலே வைத்து, உள்ளே பழைய துணி திணித்துக் காயவிடுங்கள்.

கிள்ளான் அக்கா, எங்கள் வரவேற்பறைப் பலகையில் தொடும் நேரத்தைத் தனியாக எழுதச் சொல்லி மேலாளரிடம் நாளை பேசுகிறேன்.