கீமோ முடித்து நடக்க ஆரம்பித்தவர்கள் கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிறீர்களா?

வணக்கம். காவேரிப்பட்டணத்தில் இருக்கும் எங்கள் சின்னம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனும் கீமோவும் முடிந்து, இப்போது மாத்திரை மட்டும்தான். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லிவிட்டார், ஆனால் வீட்டுப் பெரியவர்கள் "உடம்பே இன்னும் தேறல, இதுல நடை வேறயா" என்று கட்டிலை விட்டு எழவே விடுவதில்லை.

படுத்தே கிடந்தால் கீமோ அசதி கூடத்தான் செய்யும். வேகநடை மாதிரி லேசாக மூச்சு வாங்கும் பயிற்சியை வாரம் 3 நாள், அரை மணி நேரம் என்று சில வாரம் தொடர்ந்தால் அசதி குறைவது ஆய்வுகளில் தெரிந்ததுதான். மாதவிடாய் நின்ற பிறகு, மார்பகப் புற்றுநோயைத் தூண்டக்கூடிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பெரும்பாலும் உடம்புக் கொழுப்பில்தான் உருவாகிறது, அதனால் நடந்து எடையைக் கட்டுக்குள் வைப்பவர்களுக்கு இந்த நோய் வரும் ஆபத்தும் குறைவு (குறைவுதான், வரவே வராது என்றில்லை, வாட்ஸ்அப் மாமாக்கள் கவனிக்க).

சரி, கேள்விக்கு வருகிறேன். அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்ததால் சாயங்காலமானால் இடது கை வீங்கி, ரவிக்கைக் கை பதிந்து தடம் விழுகிறது. இந்த வீக்கத்தைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட், பெண்ணாக இருந்தால் நல்லது, கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ இருக்கிறாரா? கைக்கு அளவெடுத்துப் போடும் அழுத்த உறை இங்கேயே கிடைக்குமா, ஓசூர் போகணுமா? அப்புறம், கே.ஆர்.பி. அணைப் பக்கம் காலையில் நடக்கும் அக்காக்கள் யாராவது இவரையும் சேர்த்துக்கொள்வீர்களா? முடி முழுசாக வளராததால் தனியாகப் போகக் கூச்சப்படுகிறார். கஷாயம், மூலிகை யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.