நடக்க இயலாத தந்தையை விமானத்தில் அழைத்துச் செல்வது: வாயிலிலிருந்து இருக்கை வரை

கேள்வி — பவளமல்லி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாருக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் முழுவதும் செயலிழந்துவிட்டது. வலக்கையால் எதையாவது பற்றிக்கொண்டு, ஒருவர் இடுப்பைத் தாங்கினால் சில நொடிகள் நிற்பார். ஓரடி எடுத்து வைக்க இயலாது. வீட்டிலும் வெளியிலும் பேட்டரியில் ஓடும் மடக்கு சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். அடுத்த மாதம் தம்பியின் வீட்டுக்கு அவரை விமானத்தில் அழைத்துச் செல்லவிருக்கிறோம்; ஆறு மணி நேரப் பயணம். அம்மாவும் நானும் உடன் செல்கிறோம், ஆனால் எங்கள் இருவராலும் அவரைத் தூக்க முடியாது.

பயணச்சீட்டு எடுக்கும்போது சக்கர நாற்காலி உதவி தேவை என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டேன். அதற்கு மேல் என்ன நடக்கும் என்ற விவரம் எங்கும் தெளிவாகக் கிடைக்கவில்லை. அவருடைய நாற்காலியை எந்த இடம் வரை கொண்டு செல்லலாம்? விமானத்துக்குள் இருக்கைகளுக்கு இடையே அது நுழையாது என்பது தெரியும்; அப்படியானால் அங்கிருந்து அவரை இருக்கையில் கொண்டு சேர்ப்பது யார், எப்படி? பேட்டரியை அனுமதிப்பார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, கழிப்பறைக்கு என்ன செய்வது என்று அப்பா ஒருமுறை கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை என்று தெரிந்ததிலிருந்து, "நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்கிறார். அவரை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 — தரைப்பணி

வணக்கம் சகோதரி. விமான நிலையத் தரைப்பணியில், சக்கர நாற்காலிப் பயணிகளை ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீங்கள் குறியிட்ட அந்தக் கட்டம் மட்டும் போதாது. விமான நிறுவனங்கள் சக்கர நாற்காலி உதவியை மூன்று வகையாகப் பதிவு செய்கின்றன. படி ஏறுவார், உள்ளே நடப்பார், நெடுந்தூரம் மட்டும் நடக்க முடியாது என்றால் 'டபிள்யூசிஎச்ஆர்'. படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் தம் இருக்கை வரை நடந்துவிடுவார் என்றால் 'டபிள்யூசிஎச்எஸ்'. அறவே நடக்க முடியாது, இருக்கை வரை கொண்டு சேர்க்க வேண்டும் என்றால் 'டபிள்யூசிஎச்சி'. தங்கள் தந்தையாருக்கு உரியது மூன்றாவது. வெறுமனே குறியிட்டால் பெரும்பாலும் முதல் வகைதான் பதிவாகும். அன்றைய தினம் ஒரே ஒரு பணியாளர் சாதாரண நாற்காலியோடு வந்து நிற்பார். விமானத்தின் கதவருகே போன பிறகுதான் ஆள் போதவில்லை என்பது தெரியவரும், அதற்குள் மற்ற பயணிகள் ஏறத் தொடங்கியிருப்பார்கள். ஆகவே நிறுவனத்துக்கு இப்போதே தொலைபேசியில் பேசி, பதிவில் எந்தக் குறியீடு இருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதிமுறை, புறப்படும் நேரத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது; பிற நாடுகளிலும் பல நிறுவனங்கள் இதே அவகாசத்தைத்தான் கேட்கின்றன.

அவருடைய நாற்காலியை விமானத்தின் கதவு வரை கொண்டுவர விரும்புவதாகவும் அப்போதே சொல்லிவிடுங்கள். செக்-இன் மேசையில் அதை வாங்கிக்கொண்டு நிலையத்தின் நாற்காலியில் அவரை மாற்றி அமர்த்தப் பார்ப்பார்கள். சில நிலையங்களில் பேட்டரி நாற்காலிக்கு வேறு வழியே இல்லை. ஆனால் இயன்ற இடங்களில் கதவு வரை தம் நாற்காலியிலேயே வருவது நல்லது. ஒருமுறை தூக்கி மாற்றும் வேலை குறைகிறது, அவர் உடம்புக்குப் பழகிய இருக்கையும் கடைசிவரை கூடவே இருக்கிறது. பாதுகாப்புச் சோதனையில் எழுந்து நிற்கச் சொன்னால் அவரால் முடியாது என்று சொல்லுங்கள்; அமர்ந்தபடியே கையால் சோதித்து, நாற்காலியை ஒரு துணித்துண்டால் துடைத்து வெடிமருந்துத் தடயம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தனியறை கேட்கலாம், நீங்களும் உடன் இருக்கலாம்.

விமானத்தின் கதவருகே ஒரு குறுகலான நாற்காலி வரும். கைப்பிடி இருக்காது; மார்பு, இடுப்பு, கால் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டும் வார்கள் இருக்கும். அதில் அமர்த்தி, இருக்கைகளுக்கு நடுவே உருட்டிச் சென்று, இருக்கையின் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பணியாளர்கள் தூக்கி மாற்றுவார்கள். பின்னால் நிற்பவர் அக்குளின் வழியாகக் கை கொடுத்து மார்போடு பிடிப்பார், முன்னால் நிற்பவர் முழங்காலுக்குக் கீழே பிடிப்பார். நீங்களோ அம்மாவோ தூக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேலை உங்களுடையது: இடக்கை செயலிழந்தது, அதைப் பிடித்து இழுக்கக் கூடாது, இடத்தோளின் கீழ் கை கொடுத்தும் தூக்கக் கூடாது என்பதைத் தூக்குவதற்கு முன்பே இருவரிடமும் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்த தோளின் மூட்டு தளர்ந்திருக்கும், ஓர் இழுப்பில் விலகிவிடக்கூடும். பார்வைக்கு அந்தக் கை நன்றாகத்தான் இருக்கும், அதனால் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அங்கே உணவு மேசை கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடி மேலே தூக்கப்படாது. அதன் மேலாக ஆளையே உயர்த்தித் தூக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, மூன்றாவது வரிசைகளில், நடைபாதைப் பக்கக் கைப்பிடி மேலே திரும்பும் இருக்கையாகக் கேளுங்கள். பல இருக்கைகளில் கைப்பிடியின் அடிப்புறத்தில், கீல் இருக்கும் இடத்தருகே ஒரு சிறு விசை ஒளிந்திருக்கும். அதை அழுத்தினால்தான் திரும்பும். அது இருப்பதைப் புதிய பணியாளர்கள் சிலர் அறியமாட்டார்கள். அவசரகால வழியை ஒட்டிய வரிசை அவருக்குத் தரப்படாது.

மறுமொழி 2 — தாழ்வாரம்

என் கணவருக்கும் இடப்பக்கப் பக்கவாதம்தான். மேலே எழுதியிருப்பவர் சொன்ன அனைத்தும் சரி. இருக்கை பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. விமானத்தின் மூக்குப் பக்கம் பார்த்து அமர்ந்தால் வலப்புறம் வரும் இருக்கைகளில் நடைபாதையோரம் அவரை அமர்த்தினால், செயலிழந்த இடக்கை நடைபாதைப் பக்கம் வந்துவிடும். உணர்வு குறைந்த அந்தக் கை நழுவித் தொங்குவது அவருக்கே தெரியாது. உணவு வண்டி முழங்கையில் இடித்துக்கொண்டு போகும். ஆகவே இடப்புற வரிசையைக் கேட்டு வாங்குங்கள். அங்கே நடைபாதை அவருடைய வலப்பக்கம் இருக்கும், இறங்கும்போது வலுவான பக்கம் நோக்கி நகர்வதும் எளிது. ஏறும்போது செயலிழந்த பக்கம் நோக்கி மாற்ற வேண்டியிருக்குமே என்றால், அப்போது எப்படியும் இருவர் தூக்கப்போகிறார்கள். சில நிறுவனங்கள் ஜன்னலோரத்தில்தான் அமர வேண்டும் என்று வற்புறுத்தும்; அப்படியானால் கைக்கடியில் ஒரு தலையணை வைத்து, நீங்கள் அடுத்த இருக்கையில் இருங்கள்.

கைப்பிடிகள் தைத்த தூக்குத்துணி மருத்துவப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. வீட்டிலேயே அவருக்கு அடியில் விரித்து அமர்த்திவிட்டால், பயணம் முடியும் வரை எடுக்கவே வேண்டாம். தூக்குபவர்கள் உடம்பைப் பிடிக்காமல் துணியைப் பிடிப்பார்கள். பிறர் கை மேலே படுவதில் என் கணவருக்கு இருந்த கூச்சம் இதனால் வெகுவாகக் குறைந்தது.

மறுமொழி 3 — நான்காம் சக்கரம்

நான் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவன். சக்கர நாற்காலியிலிருந்தே எழுதுகிறேன். தங்கள் தந்தையார் கேட்ட கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது, அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

பெரிய விமானங்களில், அதாவது உள்ளே இரண்டு நடைபாதைகள் உள்ளவற்றில், சற்று அகலமான கழிப்பறை ஒன்று வழக்கமாக இருக்கும். ஒரே நடைபாதை உள்ள விமானங்களில் கழிப்பறை மிகவும் சிறியது. துணைக்கு ஒருவர் உள்ளே நிற்கக்கூட இடம் போதாது. உள்ளேயே பயன்படுத்தும் மடக்கு நாற்காலி இருந்தால் பணியாளர்கள் அதில் கழிப்பறைக் கதவு வரை தள்ளிச் செல்வார்கள், ஆனால் தூக்க மாட்டார்கள், உள்ளே வந்து உதவவும் மாட்டார்கள். அமெரிக்க விதிமுறையும் அவர்கள் கடமையை அந்த அளவோடுதான் வரையறுத்திருக்கிறது. தங்கள் தந்தையாரால் நிற்க மட்டுமே முடியும் என்பதால், விமானக் கழிப்பறையை நம்பிப் புறப்பட வேண்டாம் என்பதே என் எண்ணம்.

ஆண்களுக்கு ஆணுறை போல அணிந்து, குழாய் வழியாகக் காலில் கட்டிய பையில் சிறுநீரைச் சேர்க்கும் சாதனம் உண்டு. குழாயை உள்ளே செலுத்துவது அல்ல, வெளியே அணிவதுதான். மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுச் சரியான அளவை வாங்கி, பயணத்துக்குச் சில நாட்கள் முன்பாகவே வீட்டில் அணிந்து பழக வேண்டும். அளவு சரியில்லையென்றால் கசியும், அல்லது தோல் புண்ணாகும். அது வேண்டாம் என்றால் நன்கு உறிஞ்சும் உள்ளாடை. ஏறுவாயிலுக்கு அருகில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைக்குக் கடைசியாக ஒருமுறை போய்விட்டு ஏறுங்கள். முன்கூட்டியே ஏற்றுவார்கள் என்பதால் அதற்கும் நேரம் கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடலாம் என்று அவர் நினைப்பார். எங்களில் பலர் அப்படித்தான் செய்கிறோம். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். நடக்க முடியாதவர் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும்போது உடம்பில் நீர் வற்றினால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. இதைப் பற்றியும் மருத்துவரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

அவருடைய நாற்காலிக் குஷனை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அதை விமான இருக்கையின் மேல் போட்டு உட்கார வையுங்கள். காற்றடைத்த குஷன் என்றால், மேலே போனதும் காற்றழுத்தம் குறைவதால் அது உப்பும், கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். தரையிறங்கியதும் மறுபடி நிரப்ப மறக்கக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை பக்கவாட்டில் சாய்ந்து எடையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இறங்கும்போது கடைசியில்தான் இறக்குவார்கள். அவருடைய சொந்த நாற்காலி கதவருகே வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அவரை இருக்கையிலிருந்து எழுப்ப அனுமதியுங்கள். அந்தக் குறுகிய நாற்காலியில் கட்டப்பட்டுக் காத்துக் கிடப்பது உடம்புக்கும் மனதுக்கும் கொடுமையானது.

இன்னொன்று. பணியாளர்கள் உங்களைப் பார்த்து, "இவரால் கையை ஊன்ற முடியுமா?" என்று கேட்பார்கள். அவரையே கேட்கச் சொல்லுங்கள். எப்படித் தூக்க வேண்டும், எத்தனை வரை எண்ணியதும் தூக்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். வீட்டில் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து, அவர் வாயால் அதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்று சொல்பவர் அதன் பிறகு என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

மறுமொழி 4 — மின்கலம்

பேட்டரி பற்றி மட்டும். மடக்கு நாற்காலிகளில் பெரும்பாலும் லித்தியம் பேட்டரிதான். அதன் மேல் உள்ள வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள்: 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 240 வாட்-மணி. கழற்றக்கூடிய ஒற்றைப் பேட்டரி 300 வாட்-மணி வரை அனுமதிக்கப்படும். இரண்டு பேட்டரி உள்ள நாற்காலி என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. கழற்றிய பேட்டரி சரக்கறைக்குப் போகக் கூடாது, முனைகளை மூடி, தனிப் பையில் போட்டு உங்கள் கையோடு உள்ளே கொண்டுவர வேண்டும். நிறுவனத்தின் முன் அனுமதி கட்டாயம் என்பதால், குறியீடு மாற்றப் பேசும்போதே நாற்காலியின் எடை, மடக்கிய அளவு, பேட்டரியின் வாட்-மணி ஆகியவற்றையும் சொல்லி, ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.

நாற்காலியை ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். கால்தாங்கி, பக்கத் தடுப்பு என்று கழன்று வரக்கூடிய எதையும் கழற்றி உள்ளே எடுத்துச் செல்லுங்கள். சக்கரத்தை மோட்டாரிலிருந்து விடுவிக்கும் நெம்புகோல் எங்கே என்று ஒரு தாளில் எழுதி இருக்கையின் மேல் ஒட்டிவிடுங்கள்; அது தெரியாமல் இழுப்பதால்தான் பல நாற்காலிகள் உடைகின்றன.

மறுமொழி 5 — பவளமல்லி

அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. இன்று நிறுவனத்திடம் பேசினேன். பதிவில் 'ஆர்' வகைதான் இருந்தது. 'சி' என்று மாற்றி, பேட்டரிக்கான ஒப்புதலையும் அனுப்பிவிட்டார்கள். எங்களுடையது 264 வாட்-மணி. நான்காம் சக்கரம் அவர்கள் எழுதியதை அப்பாவிடம் முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு அந்தச் சாதனத்தின் விலையைக் கேட்டார். இரண்டே ஐயங்கள் மிச்சம்: விமானம் கட்டடத்தோடு சேராமல் திறந்தவெளியில் நின்றால் எப்படி ஏற்றுவார்கள்? நாற்காலி உடைந்து வந்தால் என்ன செய்வது?

மறுமொழி 6 — தரைப்பணி

திறந்தவெளியில் நின்றால் ஆம்புலிஃப்ட் என்னும் வண்டி வரும். லாரி போன்ற அதன் கூண்டு மொத்தமும் மேலே உயர்ந்து, பயணிகள் படியேறும் கதவுக்கு எதிர்ப்பக்கக் கதவில் போய்ச் சேரும். நாற்காலியோடு உள்ளே ஏறி, மேலே போனதும் குறுகிய நாற்காலிக்கு மாறலாம். உடன் வருபவரும் அதிலேயே வரலாம். அது தாமதமாகிறது, படிக்கட்டில் தூக்கிச் சென்றுவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், வண்டி வரட்டும் என்று சொல்லுங்கள். ஏறுவாயிலுக்கு வந்தவுடனேயே அங்கிருக்கும் பணியாளரிடம், ஆம்புலிஃப்ட் தேவைப்படுமா, சொல்லியாகிவிட்டதா என்று கேட்டுவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

உடைந்திருந்தால் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே, பயணப்பெட்டிகள் வரும் இடத்திலுள்ள நிறுவனத்தின் மேசையில் எழுத்து வழியாகப் பதிந்து, அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பன்னாட்டுப் பயணம் என்றால், சேதம் குறித்த எழுத்துப் புகாருக்கு 7 நாட்கள் வரைதான் அவகாசம். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகுகள் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு); பேட்டரி நாற்காலியின் விலைக்கு இது போதாமல் போகலாம். அதனால் செக்-இன் செய்யும்போதே நாற்காலியின் மதிப்பைக் குறிப்பிட்டுச் சிறப்பு அறிவிப்புப் படிவம் கொடுங்கள். வரம்பு அதன்படி உயரும். சில நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் கேட்கும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நாற்காலி வாங்கிய ரசீதின் நகலும் கையில் இருக்கட்டும்.