பிளாட்பாரத்துல ரெண்டு சக்கரம்

குழு: மேற்கு மாம்பலம் – நம்ம தெரு

வெள்ளிக்கிழமை

ஜி-2 டீச்சர், காலை 7:12
[புகைப்படம்]
12-ம் நம்பர் வீட்டுக்கு எதிர்ல, இப்ப எடுத்தது. வெள்ளை எஸ்.யு.வி., இடது பக்கம் ரெண்டு சக்கரமும் பிளாட்பாரத்து மேல. ஸ்கூல் பிள்ளைங்க வரிசையா ரோட்டுல இறங்கிப் போகுதுங்க. யாரோட வண்டி? தயவுசெஞ்சு எடுத்துடுங்க.

எஃப்-1, காலை 7:15
எங்க வீட்டு விருந்தாளி வண்டி டீச்சர். முழுசா ரோட்டுல விட்டா தண்ணி லாரி போகாதேன்னுதான் பாதி ஏத்தி விட்டிருக்கார். ஓரமா நடக்க இடம் இருக்கே?

இன்ஜினியர் மாமா, காலை 7:24
கண்ணளவுல இடம் இருக்கிற மாதிரிதான் தெரியும். டேப் வச்சா வேற கதை. நம்ம பிளாட்பாரம் 1.5 மீட்டர். அந்த வண்டி 80 செ.மீ. ஏறியிருக்கு, மிச்சம் 70. சைடு மிரர் இன்னும் 20 செ.மீ. வெளிய நீட்டிட்டு இருக்கும். ஆக, கால் மட்டத்துல 70, முழங்கை மட்டத்துல 50. பையோட வர்ற ஒரு ஆளு நேரா நடக்க முடியாது, உடம்பைத் திருப்பித்தான் போகணும்.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட பாதசாரி வசதி வழிகாட்டி நூல் (ஐ.ஆர்.சி. 103) கேக்குறது தடையே இல்லாத 1.8 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம். நம்மகிட்ட முதல்லயே 30 செ.மீ. குறைவு. அதுல இருந்து எடுத்துக்கறதுக்கு எதுவும் இல்ல.

ஃபிசியோ அக்கா, காலை 7:31
வீல்சேர் கணக்கையும் சேர்த்துக்கோங்க மாமா. சேர் 65-லேர்ந்து 70 செ.மீ. இருக்கும். கையால சக்கரத்தைத் தள்ளும்போது ரெண்டு பக்கமும் விரல் முட்டி வெளிய வரும். அதனாலதான் குறைஞ்சது 90 செ.மீ. வேணும்ங்கறது. 70-ல நுழைஞ்சா ஒரு பக்கம் சுவர்ல கை தேயும், இன்னொரு பக்கம் கார் கதவுல தேயும்.

பெரிய சிக்கல் அது கூட இல்ல. நாம "இறங்கிச் சுத்திப் போகலாமே"ன்னு ஈசியா சொல்லிடறோம். ஓரக்கல் 15 செ.மீ. உயரம், நம்ம தெருவுல சில இடத்துல 20 கூட. வீல்சேரோட முன் சக்கரம் சின்னது, அந்தப் படியில இறக்கினா சேர் முன்னால கவுந்துடும். அதனால வந்த வழியே பின்னால போய், கடைசியா தாண்டின கேட் சரிவு எங்கயோ அங்க இறங்கணும். அப்புறம் ரோட்டோரமா வந்து, அடுத்த கேட் சரிவு கிடைக்கிற வரைக்கும் வண்டிங்களுக்கு நடுவுல போகணும். ஒரு காரைத் தாண்ட 20, 25 மீட்டர் சுத்து. பாதி ஏத்தின வண்டின்னாலும் அவங்களுக்கு அது முழுசா அடைச்ச வழிதான்.

ஃபிசியோ அக்கா, காலை 7:33
வாக்கர் வச்சு நடக்கறவங்களுக்கும் இதேதான். முட்டி ஆபரேஷன் ஆனவங்க வாக்கரை நேரா முன்னால வச்சு நடக்கணும். குறுகல்ல அதைச் சாய்ச்சுத் திருப்பும்போது நாலு காலும் தரையில உக்காராது. கீழ விழறது அந்த நேரத்துலதான்.

சிறப்புப் பள்ளி சார், காலை 7:40
பார்வை இல்லாதவங்க விஷயத்தையும் சொல்லிடறேன். வெள்ளைக் கோல் தரையில இருக்கறதைத்தான் சொல்லும். கார் டயர் தட்டும், சரி. ஆனா பைக் ஹேண்டில்பாரு, மினி லாரியோட பின் பலகை, எஸ்.யு.வி. மிரர் இதெல்லாம் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கு. கோல் அடியில வழுக்கிப் போயிடும், முதல்ல படறது உடம்புதான்.

இன்னொண்ணு. அவங்க காம்பவுண்டு சுவரைக் கோலால தொட்டுட்டே நேர்க்கோடு பிடிச்சு நடப்பாங்க. ரோட்டுல இறக்கி விட்டுட்டா அந்தக் கோடு கையை விட்டுப் போச்சு. திரும்ப ஓரக்கல்லைத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள ரோட்டு நடுவுக்கு வந்துடறது நடக்கும். மெயின் ரோட்டுல மஞ்சள் டைல் பாத்திருப்பீங்க. கோடு போட்டது "நேரா போ", புள்ளி வச்சது "நில்லு, கவனி". அந்த டைல் மேலயே பைக் ஸ்டாண்டு போட்டா, கையைப் பிடிச்சு வண்டிமேல கொண்டு போய் மோத விடற மாதிரி.

எஃப்-1, காலை 7:46
இவ்வளவு நான் யோசிக்கல சார். வண்டியை எடுக்கச் சொல்லிட்டேன், கீழ இறங்கிட்டு இருக்கார். ஆனா நிஜமாவே கேக்கறேன், 30 அடி தெருவுல எங்கதான் விடறது? ரெண்டு பக்கமும் ரோட்டுல விட்டா ஆம்புலன்ஸ் வராது.

இன்ஜினியர் மாமா, காலை 8:05
நியாயமான கேள்வி. இதைத் தீர்க்காம சும்மா "ஏத்தாதே"ன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

30 அடின்னா 9 மீட்டர். ரெண்டு பிளாட்பாரம் 3 மீட்டர் போக ரோடு 6 மீட்டர். ஸ்விஃப்ட் அகலம் 1735 மி.மீ., இன்னோவா கிரிஸ்டா 1830. மிரரும் ஓரக்கல்லுக்கு விடற இடைவெளியும் சேர்த்து ஒரு வண்டிக்கு 2.1 மீட்டர் வைங்க.

ரெண்டு பக்கமும் ரோட்டுல விட்டா மிச்சம் 1.8. தண்ணி லாரியும் தீயணைப்பு வண்டியும் சுமாரா 2.5 மீட்டர். போகாது.
ரெண்டு பக்கமும் பாதி ஏத்தினா 3.4 மிச்சம். லாரி போகும், மனுஷன் போக முடியாது. இப்ப நடக்கறது இது.
ஒரே பக்கம் முழுசா ரோட்டுல விட்டா 3.9 மிச்சம். லாரியும் போகும், ரெண்டு பிளாட்பாரமும் காலியா இருக்கும்.

பாதி ஏத்தறதை விட ஒரு பக்க பார்க்கிங்ல ரோடு அரை மீட்டர் அதிகமா கிடைக்குது, பாருங்க. "டிராஃபிக்குக்கு உதவி பண்றோம்"ங்கற காரணமே நிக்கல.

செயலாளர், காலை 8:11
எத்தனை வண்டி அடங்கும் மாமா? ராத்திரி எண்ணினா 17 கார் தெருவுல நிக்குது.

இன்ஜினியர் மாமா, காலை 8:19
தெரு நீளம் 130 மீட்டர். வடக்குப் பக்கம் 14 கேட், ஒவ்வொண்ணுக்கும் 3 மீட்டர் விட்டா 42 போச்சு. ரெண்டு முனையிலயும் திருப்பத்துக்கு 5, 5. மிச்சம் 78 மீட்டர். ஒரு கார் நுழைஞ்சு வெளிய வர 5.5 மீட்டர் வேணும். வகுத்தா 14 வரும், ஆனா கேட்டுக்கும் கேட்டுக்கும் நடுவுல 4 மீட்டர் துண்டா நிறைய இருக்கு, அதெல்லாம் காருக்கு ஆகாது. நிஜமா 9 தான். அந்த 4 மீட்டர் துண்டுகள்ல பைக் விடலாம். ரோட்டுலதான், பிளாட்பாரத்துல இல்ல.

செயலாளர், காலை 8:22
அப்ப 8 காருக்கு இடம் இல்ல. ஆனா ரெண்டு அபார்ட்மெண்ட்டோட தரைத்தளத்துல 6 கார் நிறுத்தற இடத்துல பழைய கட்டில், வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டி, தண்ணி கேன், சைக்கிள் எல்லாம் கிடக்கு. பிளான்ல பார்க்கிங்னு காட்டி அனுமதி வாங்கின இடம் அது. இந்த வாரத்துக்குள்ள காலி பண்ணித் தரணும்னு ரெண்டு பில்டிங்குக்கும் எழுதறேன். மீதி 2 வண்டிக்கு வழி பாத்துக்கலாம்.

ஜி-2 டீச்சர், காலை 8:24
நல்லது. முனையில 5 மீட்டர் விடறதை யாரும் அசட்டையா எடுத்துக்க வேண்டாம். எஸ்.யு.வி. பானட் ஒரு மீட்டருக்கு மேல உயரம். எல்.கே.ஜி. பிள்ளை அதுக்குப் பின்னால நின்னா திரும்பற பைக்காரனுக்குத் தலை கூடத் தெரியாது, பிள்ளைக்கும் பைக் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வெளிய வருவாங்க.

மெக்கானிக் அண்ணா, காலை 8:40
வண்டிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. ஓரக்கல்லுல சாய்வா ஏத்தும்போது டயரோட பக்கச் சுவர் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல நசுங்குது. உள்ள நூல் அறுந்தா கொஞ்ச நாள்ல முட்டை மாதிரி வீங்கும். அதுக்குப் பஞ்சர் போட முடியாது, டயரையே மாத்தணும். ஓடுற ஓட்டத்துல வெடிச்சா ஆபத்து. தினமும் ஏத்தி இறக்கினா அலைன்மெண்ட் போகும், முன் டயர் ஒரு ஓரமா தேயும். ராத்திரி முழுக்கச் சாய்ஞ்சு நிக்கற வண்டியில பாரமும் தாழ்ந்த பக்க டயர்மேலதான் கூடுதலா உக்காரும்.

இன்ஜினியர் மாமா, காலை 8:52
தம்பி சொன்னது வண்டிக்கு. பிளாட்பாரத்துக்கு என்ன ஆகுதுன்னா: நம்மது 60 மி.மீ. பேவர் கல், அடியில ரெண்டு, மூணு செ.மீ. மணல். நடக்கற பாரத்துக்குப் போட்டது. 1,700 கிலோ வண்டியோட முன் சக்கரம் ஒண்ணு 450 கிலோவுக்குக் கிட்ட அழுத்தும். முதல்ல ஓரக்கல் வெளிப்பக்கம் சாயும். அந்த இடைவெளி வழியா மணல் வழிஞ்சு வடிகாலுக்குப் போகும். கல் ஆட ஆரம்பிக்கும். மழை பெஞ்சதும் மிதிக்கிற கல் அடியிலேர்ந்து சேத்துத் தண்ணி பீச்சும். 9-ம் நம்பர் வாசல்ல இப்ப அந்த நிலைமைதான். ஒரு ஓரத்தை மிதிச்சா மறு ஓரம் ரெண்டு விரக்கடை எழும்புது. கைத்தடி நுனி மாட்ட அது போதும்.

தெற்குப் பக்கம் இன்னும் மோசம், அங்க பிளாட்பாரமே மழைநீர் வடிகாலோட மூடி ஸ்லாப்தான். அது உடைஞ்சா கீழ ஆழமான கால்வாய். ஐப்பசி மழையில தண்ணி நின்னா ஓட்டை தெரியாது.

பி-4 தம்பி, காலை 9:03
சொல்லிப் பாத்தாச்சு, கேக்கலன்னா டயர்ல காத்தைப் பிடுங்கி விட்டா அடுத்த நாள் ஏத்த மாட்டாங்க 😡

ரிட்டயர்டு எஸ்.ஐ. சார், காலை 9:10
வேண்டாம் தம்பி. அடுத்தவன் சொத்துக்குச் சேதம்னு உங்க மேலதான் கேஸ் வரும். அதோட, காத்து இல்லாத வண்டி நகராது. சாயந்திரம் வரைக்கும் பிளாட்பாரத்துலயேதான் நிக்கும். நடக்கறவங்களுக்கு என்ன லாபம்?

சட்டம் தெளிவா இருக்கு. 2017 மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள்ல நடைபாதையில நிறுத்தத் தடை. மோட்டார் வாகனச் சட்டம் 177-ன்படி முதல் தடவை 500 ரூபாய், திரும்பப் பிடிபட்டா 1,500. 127-ன்படி தடை செஞ்ச இடத்துல நிக்கற வண்டியை, சீருடையில இருக்கற அந்த எல்லை அதிகாரி இழுத்துட்டுப் போகச் சொல்லலாம், இழுவைக் கூலி வண்டிக்காரர் தலையில. "பாதிதானே ஏத்தினேன்"ங்கறதுக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட், தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனம் 21-வது பிரிவுல வர்ற உரிமைன்னே சொல்லிடுச்சு. அது கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் போட்ட பொதுநல வழக்கு. ஏன் எலும்பு டாக்டர் போட்டார்னு கேக்க வேண்டியதே இல்ல. 2022-ல நாட்டுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491. அதுல 32,825 பேர் நடந்து போனவங்க.

ஜி-2 டீச்சர், காலை 9:14
போலீஸுக்குப் போட்டோ அனுப்பினா எடுத்துக்கறாங்களா சார்? சில சமயம் பதிலே வர்றதில்ல.

ரிட்டயர்டு எஸ்.ஐ. சார், காலை 9:22
போட்டோ சரியில்லன்னா அபராதம் போட முடியாது டீச்சர். காலையில நீங்க அனுப்பினதுல நம்பர் பிளேட் பாதிதான் தெரியுது. ஒரே படத்துல நம்பர் பிளேட் முழுசா, பிளாட்பாரத்து மேல இருக்கற சக்கரம், கதவு எண்ணோ தெருப் பலகையோ ஒண்ணு, இந்த மூணும் விழணும். வண்டிக்குப் பின்னால ரெண்டு மீட்டர் தள்ளி, பிளாட்பாரத்துல நின்னு, மூலையிலேர்ந்து எடுத்தா மூணும் வந்துடும். தேதி, நேரம் கட்டாயம். ஓட்டுநர் முகமோ குழந்தைங்க முகமோ வேண்டாம். சென்னைப் போக்குவரத்துக் காவலோட எக்ஸ் (பழைய ட்விட்டர்) பக்கத்துல போட்டா கூடவே தெரு, வார்டு, எந்த ஸ்டேஷன் எல்லைன்னும் எழுதணும்.

கல் உடைஞ்சது, ஸ்லாப் உடைஞ்சது போலீஸ் வேலை இல்ல. அது மாநகராட்சி. 1913-ங்கற நம்பருக்குப் போன் பண்ணிச் சொல்லலாம், நம்ம சென்னை ஆப்லயும் போடலாம். புகார் எண்ணைக் குறிச்சு வச்சுக்கணும்.

சி-3 அக்கா, காலை 9:30
நாங்க கேட் பக்கத்துல பழைய டயர்ல சிமெண்ட் ரொப்பி நடுவுல பைப் நட்டு வச்சிருக்கோம். யாரும் ஏத்தறதில்ல. எல்லாரும் அப்படியே வைக்கலாமே?

இன்ஜினியர் மாமா, காலை 9:37
அதை எடுத்துடுங்கம்மா. அந்த டயரே 60 செ.மீ. அடைக்குது. 1.5-ல மிச்சம் 90, அதுவும் பூந்தொட்டி இல்லன்னா. காரைத் தடுக்கறேன்னு நாமளே ஆக்கிரமிச்ச மாதிரி ஆயிடும். பார்வை இல்லாதவங்க முழங்கால்ல இடிக்கிற உயரம் வேற.

நிரந்தரமா வேணும்னா தடுப்புத் தூண்தான். அதுவும் வார்டு ஏ.இ. (உதவிப் பொறியாளர்) மூலமா மாநகராட்சி நடணும். ரெண்டு தூணுக்கு நடுவுல 1.2 மீட்டர், 90-க்குக் கீழ போகவே கூடாது, வீல்சேர் மாட்டும். 10 செ.மீ. குழாய்னா பூமிக்குள்ள 45 செ.மீ. கான்கிரீட்ல நிக்கணும். வடக்குப் பக்கம் முடியும். தெற்குப் பக்கம் வடிகால் ஸ்லாப் மேல தகடு வச்சு போல்ட் அடிச்சா, ஒரு கார் லேசா தட்டினாலே பிடுங்கிட்டு வரும். அங்க ஓரக்கல்லைத்தான் 15 செ.மீ.க்கு ஒழுங்கா எழுப்பணும்.

தூண் பைக்கைத் தடுக்காது, அதையும் சொல்லிடறேன். ஹேண்டில் 75 செ.மீ., 90-ல புகுந்து வரும். பைக்குக்குப் பேச்சும் அபராதமும்தான்.

மெக்கானிக் அண்ணா, காலை 9:45
கடைக்காரங்ககிட்ட நான் பேசறேன் மாமா. வாசல்ல பைக்கைக் குறுக்க நிறுத்தறாங்க. பைக் நீளம் 2 மீட்டர், பிளாட்பாரம் ஒன்றரை. பின் சக்கரம் ரோட்டுலயே தொங்குது. எதிர்ல 4 மீட்டர் துண்டுல சாய்வா விட்டா 5 பைக் நிக்கும். அதைக் கோடு போட்டுக் காட்டினா கேப்பாங்க.

எஃப்-1, காலை 9:52
[புகைப்படம்]
வண்டியை வடக்குப் பக்கம் ரோட்டுல மாத்தியாச்சு. சரியா இருக்கா பாருங்க.

இன்ஜினியர் மாமா, காலை 9:55
ஓரக்கல்லுலேர்ந்து அரைச் சாண் தள்ளி இருக்கு, சரி. இடது மிரரை மடக்கி விடச் சொல்லுங்க. பிளாட்பாரத்துக்குள்ள நீட்டிட்டு இருக்கு.

எஃப்-1, காலை 9:57
மடக்கியாச்சு.

செயலாளர், காலை 10:10
ஞாயிறு காலை 6 மணிக்கு அளவு எடுக்கலாம். பால் வண்டி போயிருக்கும். யார் யார் வர்றீங்க? என்ன கொண்டு வரணும் மாமா?

இன்ஜினியர் மாமா, காலை 10:18
30 மீட்டர் நார் டேப் ஒண்ணு, 5 மீட்டர் ஸ்டீல் டேப் ஒண்ணு, சாக்பீஸ் ஒரு பெட்டி, நோட்டு. ஒவ்வொரு கேட்டுலயும் மூணு அளவு: பிளாட்பார அகலம், ஓரக்கல் உயரம், தடையில்லாத அகலம். மூணாவதுதான் முக்கியம். தொட்டி, படி, மின்பெட்டி எல்லாம் கழிச்சு எது குறுகலோ அந்த இடத்துல எடுக்கணும். 90-க்குக் கீழ வர்ற இடத்துல சாக்பீஸ்ல குறுக்குக் கோடு போட்டு எண்ணை எழுதி போட்டோ எடுப்போம். அந்தத் தாளைத்தான் ஏ.இ. கிட்ட கொடுக்கணும்.

ஃபிசியோ அக்கா, காலை 10:21
நான் ஒரு வீல்சேர் கொண்டு வர்றேன். 90 இருந்தும் கேட் சரிவு பக்கவாட்டுல சாய்ஞ்சிருந்தா சேர் ரோட்டுப் பக்கம் இழுக்கும், டேப்ல அது தெரியாது.

பி-4 தம்பி, காலை 10:23
சேரை நான் தள்றேன் அக்கா. தெற்குப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கலாமா?

இன்ஜினியர் மாமா, காலை 10:24
தெற்குலேர்ந்தே. 9-ம் நம்பர் எதிர்ல ஸ்லாப் விரிசல் இருக்கு, அங்க சேர்ல ஆளை உக்கார வைக்காம தள்ளு.