மவுஸை உருட்டியதில் மதுரை மயிலாடுதுறை ஆகிவிட்டது

உசிலம்பட்டி பிரவுசிங் சென்டர்:
போன மாதம் தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பிள்ளைக்கு, தேர்வு மைய மாவட்டம் மதுரை என்று நான்தான் டிராப்டவுனில், அதாவது க்ளிக் செய்தால் பெயர்ப் பட்டியல் விரிகிற பெட்டியில், எடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளையும் பக்கத்தில் நின்று பார்த்தது. அப்புறம் கீழே போக மவுஸ் வீலை உருட்டினேன், கர்சர் அந்தப் பெட்டி மேலேயே இருந்ததால் பக்கம் நகராமல் உள்ளே இருந்த பெயர் ஒரு படி இறங்கிவிட்டது. மதுரைக்கு அடுத்து மயிலாடுதுறை. ரெண்டும் 'ம'வில் ஆரம்பிப்பதால் கண்ணில் படவில்லை. ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்தபோது, "அண்ணே, மயிலாடுதுறைன்னு போட்டிருக்கே" என்று தாளை என் பக்கம் திருப்பியது. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. திருத்தவும் நாள் முடிந்துவிட்டது. முதல் நாள் ராத்திரியே அப்பாவோடு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிப் போய் எழுதிவிட்டு வந்தது.

விளக்குத்தூண் வெப் டிசைனர்:
அனுப்பும் முன் ஒரு தடவை எல்லாவற்றையும் சரிபார்த்திருக்க வேண்டும் அண்ணே, டிராப்டவுன் மேல் பழி போடக் கூடாது. எனக்கு நடந்தது வேறு. ஒரு ஜவுளிக்கடைக்கு வெப்சைட் செய்தேன். மவுஸ் மேலே போனாலே மெனு விரியும், அதில் 'சேலை'யில் நின்றால் பட்டு, காட்டன், சுங்குடி என்று வலப்பக்கம் இன்னொன்று விரியும். முதலாளி சேலையிலிருந்து சுங்குடிக்குக் குறுக்காக மவுஸை இழுத்தார், வழியில் 'வேட்டி' மேல் பட்டதும் சேலை மூடி வேட்டி விரிந்தது. மூன்று தடவை இதே கதை. போனில் தட்டினால் சுத்தமாக விரியவே இல்லை. "தம்பி, எனக்கே கிடைக்கலைன்னா வாங்க வர்றவங்களுக்கு எப்படிப்பா கிடைக்கும்?" என்றார். தட்டினால் திறக்கிற மாதிரி அன்றைக்கே மாற்றினேன்.

திருமங்கலம் டீச்சர்:
விளக்குத்தூண் தம்பி, சரிபார்த்தாலும் அவசரத்தில் அந்த ரெண்டு பெயரும் ஒன்றாகத்தான் தெரியும். வழுக்குகிற இடத்தைக் கட்டிவைத்துவிட்டு விழுந்தவரைக் கேட்பது ஞாயமில்லை. என் அம்மா பிறந்தது 1956. போனில் வருஷத்தை விரலால் தள்ளித் தள்ளி 1965இல் வந்து நின்று, "இது போதும்டி" என்றார். அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன், பிறந்த தேதிக்கு டிராப்டவுனே வேண்டாம், நாள், மாதம், வருஷம் என்று மூன்று பெட்டி வைத்து எண்ணை அடிக்க விடுங்கள். ஆண், பெண் மாதிரி ரெண்டு மூன்று தேர்வுதான் என்றால் ஒளித்து வைக்காமல் எல்லாவற்றையும் வெளியிலேயே காட்டுங்கள். 38 மாவட்டம் மாதிரி நீளப் பட்டியலுக்கு நாலு எழுத்து அடித்ததும் பெயர் வரவேண்டும். திருப்பரங்குன்றத்தை ஆங்கிலத்தில் ஒருத்தர் டி-எச் போட்டுத் தேடுவார், ஒருத்தர் வெறும் டி போடுவார், ரெண்டுக்கும் வரவேண்டும். அப்புறம் தட்டுகிற இடம் பெரிதாக இருக்கட்டும், ஆப்பிள் தன் போனுக்கு நீளமும் அகலமும் 44 புள்ளி (திரையை அளக்கிற அலகு) என்று சொல்வது சும்மா இல்லை. முதலிலேயே ஏதோ ஒரு மாவட்டத்தை நிரப்பி வைக்காமல் 'தேர்ந்தெடுக்கவும்' என்று விடுங்கள்.

உசிலம்பட்டி பிரவுசிங் சென்டர்:
டீச்சர், என் கேஸில் 'தேர்ந்தெடுக்கவும்' என்றுதான் இருந்தது, சரியாக எடுத்த பிறகுதான் மாறியது. இப்போது ஒவ்வொரு டிராப்டவுனுக்கும் அப்புறம் பக்கத்தில் வெற்று இடத்தில் ஒரு க்ளிக் செய்துவிட்டுத்தான் வீலைத் தொடுகிறேன். கடைசியில் மாவட்டத்தை அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன்.